ஏழாவது குஞ்சின் பட்டினி

ஹொஸியத் யாரையும் நம்பமாட்டாள். பாம்புப் பண்ணையில் வேலை செய்கிறவளுக்கு அது ஒரு குறையே இல்லை, சம்பளத்தோடு சேர்ந்து வருகிற குணம்தான். ஆனால் அவள் அதை வேலை முடிந்தும் கழற்றி வைப்பதில்லை. ரப்பர் காலணியை வாசலில் விடுவாள், சந்தேகத்தை வீட்டுக்குள் கூட்டிப் போவாள். பருத்தியெண்ணெய்ப் போத்தலில் நகத்தால் கீறி மட்டம் குறித்து வைப்பாள். ஷேராபாத் சந்தையில் முலாம்பழம் வாங்கப் போனால் பழக்காரன் எடுத்துத் தருவதைத் தள்ளிவிட்டு அடியில் கிடப்பதை உருவுவாள். உருவிய பிறகு, இவள் அடியிலிருந்துதான் எடுப்பாள் என்று தெரிந்தே அழுகலை அங்கே வைத்திருப்பானோ என்று வீடு வரும்வரை பொருமுவாள்.

சும்மா வந்த சந்தேகம் இல்லை அது. பத்தொன்பது வயதில் கூண்டு கழுவ வந்தவள். வந்த புதிதில் ஒருநாள் கூட வேலை செய்த ரினாத், "அந்தப் பெட்டி காலி, கையை விட்டுத் துடை" என்றான். பெட்டி காலியாக இல்லை. மலை விரியன் ஒன்று மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. உயிர் பிழைத்தாள். வலது கை மோதிர விரல் மட்டும் வளைந்தது வளைந்தபடி நின்றுவிட்டது. ரினாத் வேண்டுமென்று சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது என்பார்கள். அதை அவள் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடிவு செய்யவில்லை. தினமும் காலையில் அவனோடு தேநீர் குடிப்பாள். கிண்ணத்தை மட்டும் தானே கழுவிக்கொள்வாள்.

பண்ணை மலையடிவாரத்தில் இருந்தது. விரியன்களின் விஷத்தை எடுத்து உறையவைத்து நகரத்துக்கு அனுப்புவது அங்கே வேலை. ஹொஸியத்தின் வீடு வளாகத்துக்குள்ளேயே, குஞ்சு அறையை ஒட்டி இருந்தது. அவள் சமையலறைக்கும் குஞ்சு அறைக்கும் நடுவே ஒரே சுவர். சமையலறை அடுப்பு கேஸில் எரியும், கேஸ் நின்றால் விறகில்; அதன் புகைபோக்கி அந்தச் சுவருக்குள்ளே வளைந்து வளைந்து போகும். அடுப்பு எரிந்தால் சுவர் சுடும், சுவர் சுட்டால் குஞ்சுகள் பிழைக்கும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அவளை அந்த வீட்டைவிட்டு யாரும் எழுப்பாததற்கு அந்த அடுப்புதான் காரணம்.

அந்த வருடம் மலையில் பாம்பு பிடிக்க அனுமதி நிறுத்தப்பட்டது. இனி பண்ணையில் பிறந்தால்தான் உண்டு. இருந்ததில் மூத்த பெண் விரியன் ஒன்று கோடையில் முட்டையிட்டுவிட்டு, ஒரு வாரம் சுருண்டு கிடந்து செத்துப்போனது. மலை விரியன் மற்ற விரியன் மாதிரிக் குட்டி போடாது, முட்டைதான் இடும்; அந்த முட்டைகளில் ஏழு பொரிந்தன. ஹொஸியத் ஒவ்வொன்றின் வாலையும் பார்த்தாள். ஆறு ஆண். ஏழாவது மட்டும் பெண். அதற்கு மிகச் சூடான இடம் வேண்டும் என்று அடுப்புச் சுவரை ஒட்டி, கதவுக்குப் பக்கத்தில் அதன் பெட்டியை வைத்தாள்.

ஆறும் தின்றன. ஏழாவது தின்னவில்லை.

மலையில் பிறந்திருந்தால் அது முதலில் பல்லியைத்தான் தின்னும். பண்ணையில் கிடைப்பதோ கண் திறக்காத சுண்டெலிக் குஞ்சு. இதுதான் சாப்பாடு என்று முதல் வாய்க்கு ஏமாற்றிவிட்டால் போதும், அப்புறம் அதுவே கேட்டு வாங்கும். அந்த ஏமாற்று வேலையில் ஹொஸியத்தை மிஞ்ச ஆளில்லை. செத்த எலிக்குஞ்சை வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்கினாள். கழுவி எலி வாசம் போக்கினாள். கோடையில் பிடித்து ஐஸ்பெட்டியில் வைத்திருந்த பல்லியை எடுத்து அதன்மேல் தேய்த்தாள். மண்டையை ஊசியால் கீறி மூளை வாசம் காட்டினாள். இடுக்கியால் பிடித்து வாலருகே சீண்டினாள். அது சீறிக் கவ்வும், கவ்வியதும் நெருப்பைத் தொட்டதுபோல உதறிவிட்டுப் போய்ச் சுருண்டுகொள்ளும். பழைய தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து, விளிம்பு உடைந்த இடத்தை வாசலாக்கி, உள்ளே இருட்டில் எலியை வைத்துப் பார்த்தாள். காலையில் எலி அப்படியே கிடந்தது. பாம்பு மறுமூலையில் இருந்து அவளைப் பார்த்தது. சந்தேகத்தில் அது அவளுக்கே பாடம் எடுக்கும் போலிருந்தது.

பண்ணை மேலாளர் தலத் கெட்டவர் இல்லை, கணக்கானவர். நவம்பர் தொடக்கத்தில் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பென்சில் மாதிரி இருந்த குஞ்சு அப்போது பென்சில் முனை மாதிரி ஆகியிருந்தது. இந்த மாதக் கடைசி வரை பாருங்கள், அதற்குள் தின்னாவிட்டால் ஸ்பிரிட் ஜாடியில் போட்டுவிடலாம், பட்டினியில் காயவிடுவதைவிட அது மேல் என்றார். தின்றது என்றால் தின்றதாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். அது ஹொஸியத் சொல்லிக் கொடுத்த பாடம்தான். எலியைக் காணோம் என்றால் தின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. வயிறு சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எச்சம் சொல்லவேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் அவள்தான் அடித்துச் சொல்வாள்.

ஆறு ஆணும் தின்ன, ஒரே பெண் மட்டும் ஏன் தின்னவில்லை? அங்கேதான் அவள் மூளை சுற்ற ஆரம்பித்தது. அது போனால் அந்த வம்சமே போச்சு. போகவேண்டும் என்று யாருக்கு ஆசை? முதலில் ரினாத். குஞ்சு அறைப் பொறுப்பு அவனுக்கு வேண்டியிருக்கலாம். பெட்டிகளைக் கழுவுகிறவன் அவன். குளோரின் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் யாருக்குத் தெரியும்? ஒருநாள் அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். அவன் சிரித்தான். இன்னொரு கையையும் நீட்டி, "இதையும் பாத்துருங்கக்கா, இது கோச்சுக்கும்" என்றான். சிரிப்பவனை எப்படி நம்புவது? அன்றிலிருந்து ஏழாவது பெட்டியை அவளே கழுவினாள்.

அதற்குப் பிறகும் அது தின்னவில்லை. அப்போதுதான் மூடியின்மேல் அந்த வெள்ளைத் துளிகளைப் பார்த்தாள். கழுவுவது பெட்டியை மட்டும்தான், மூடியை இல்லை; காற்றுப் போவதற்காகப் போட்ட ஓட்டைகளைச் சுற்றிக் காய்ந்து கிடந்தன. மோந்தாள். புளித்த மோர்.

அந்த ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்கமாட்டார்கள். பாலோ மோரோ மாவோ, வெள்ளையாக ஏதாவது அதன் தலையில் தெளித்து, நல்லபடியாகப் போய் வா என்று கதவைத் திறந்துவிடுவார்கள். குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் முந்நூறு பாம்பு இருக்கிற பண்ணையில் யாரும் அதைச் செய்வதில்லை. செய்ய ஆரம்பித்தால் மாடு போதாது. அப்படியானால் இது பண்ணைக்குப் புதிய கை. புதிய கை அந்த வளாகத்தில் ஒன்றுதான் இருந்தது.

மோஹிநூர் அவள் மருமகள். மகன் எல்மூரத் பண்ணையின் வண்டி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் விஷப் பெட்டியோடு நகரத்துச் சாலையில் இருப்பான். செப்டம்பரில் கல்யாணம் ஆகி, பாய்சுன் மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள் அந்தப் பெண். விடியுமுன் முற்றம் பெருக்கி, மாமியாருக்குக் குனிந்து சலாம் சொல்லி, தேநீர் ஊற்றி, மாவு பிசைந்து தந்தூரில் ரொட்டி அறைவாள். எதிலும் குற்றம் சொல்ல முடியாது. அதுவே ஹொஸியத்துக்கு உறுத்தல். இரண்டு மாதமாகக் குற்றமே செய்யாத மருமகள் எங்கேயோ எதையோ ஒளித்து வைத்திருக்கவேண்டும் இல்லையா?

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இது என்ன என்று கேட்டாள். மோஹிநூர் மாவுக் கையை நெஞ்சில் வைத்து நின்றாள். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்த மாமியாருக்கு ஏமாற்றம்.

"நான்தான் அத்தை. வந்த முதல் வாரம். நீங்க கூண்டு வேலைக்குப் போயிருந்தீங்க. ஒரே பயம். எங்க வீட்டுல பாம்பு வந்தா வெள்ளை தெளிச்சு அனுப்புவாங்க, அடிக்கமாட்டாங்க. கதவுப் பக்கத்துல இருந்ததுக்கு மட்டும் ஒரு கரண்டி தெளிச்சேன். அதுக்கு மேல உள்ள போகப் பயந்துட்டு ஓடி வந்துட்டேன்."

"வீட்டுக்கு வந்த பாம்புக்குத்தான் வெள்ளை தெளிப்பாங்க. இது எங்கருந்தும் வரல, இங்கயே பொறந்தது. வந்தவ நீதான்."

சொல்லியே விட்டாள். நாக்குக்கு எலும்பில்லை என்பார்கள். சொன்ன சொல்லுக்கும் வாலில்லை, பிடித்து இழுத்துத் திரும்ப உள்ளே போட. மோஹிநூர் திரும்பி மாவைப் பிசைந்தாள். அன்று ரொட்டி நன்றாகத்தான் வந்தது. அதுவும் ஹொஸியத்துக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியை வெந்நீரில் கழுவினாள், தாளை மாற்றினாள், மோர் வாசம் அடியோடு போகும்வரை வெயிலில் காயவைத்தாள். குஞ்சு அப்போதும் தின்னவில்லை. ஆக, மோர் மட்டும் காரணமில்லை. ஒரு கரண்டி மோரை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டவள் பெரிதாக வேறு எதையோ மறைக்கிறாள் என்று ஹொஸியத் முடிவு கட்டினாள். சின்னதை ஒப்புக்கொண்டு பெரியதை மூடுவது திருடர்கள் வழக்கம் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. அறைச் சாவியைச் சமையலறை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எல்மூரத் ஊரிலிருந்து வந்தபோது பெண்டாட்டிக்காக இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தான். பேசுவது நீயா அவளா என்று தாய் கேட்டாள். அவன் வண்டிக்கு எண்ணெய் பார்க்கப் போய்விட்டான்.

பண்ணையில் பேச்சு பரவிவிட்டது. பாம்புக்குப் புதினா ஆகாது, அது பொந்து வாசலிலேயே முளைக்கும் என்று அந்தப் பக்கம் ஒரு சொலவடை உண்டு. கூண்டு கழுவுகிற பெண்கள் ஹொஸியத் காதில் விழுகிற தூரத்தில் நின்று அதைச் சொன்னார்கள். யார் பாம்பு, யார் புதினா என்று பெயர் சொல்லவில்லை.

பிறகு அவள் செய்த காரியத்துக்குத்தான் ஊர் சிரித்தது. கோதுமை மாவை எடுத்துப் போய், சல்லடையில் சலித்து, குஞ்சு அறைத் தரை முழுக்க மெல்லிசாகத் தூவினாள். இன்னொரு சாவி எங்கேயாவது இருந்து யாராவது வந்தால் தடம் விழும். மருமகளின் செருப்பு சின்னது. ரினாத்தின் பூட்ஸ் பெரியது. மேலாளரின் காலணிக்குக் குதிகால் உண்டு. யாராயிருந்தாலும் தப்ப முடியாது. எலிக்குஞ்சு ஒன்றைச் சூடாக்கிக் கிண்ணத்துக்குள் வைத்து, அறையைப் பூட்டினாள்.

பூட்டியதும் மாவு கலையாமல் இருக்கிறதா என்று ஒரு எண்ணம் வந்தது. திறந்து பார்த்தாள். கலையவில்லை. உள்ளே வந்ததற்கு மூடியையும் பார்த்துவிடலாம் என்று தூக்கிப் பார்த்தாள். பூட்டினாள். தொழுகைக்குப் போகுமுன் ஒருதடவை, சாப்பிட்டதும் ஒருதடவை. படுக்கப் போகும்போது அடுத்த அறையில் ஏதோ உரசுகிற மாதிரி கேட்டது, அதற்கு ஒருதடவை. விடிந்ததும் ரினாத்தைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ரினாத் குனிந்து தரையைப் பார்த்தான். கதவிலிருந்து ஏழாவது பெட்டி வரை மாவில் ஒரு பாதையே விழுந்திருந்தது. போன தடம், வந்த தடம், தடத்தின்மேல் தடம். எல்லாம் ஒரே ரப்பர் காலணி. இடது குதியில் ஒட்டுப் போட்ட அடையாளம்கூடத் தெளிவாக இருந்தது.

"ஆட்டு மந்தை போன வழி மாதிரி இருக்குதேக்கா," என்றான். "திருடனைப் புடிச்சாச்சு போல."

வேறெந்தத் தடமும் இல்லை என்பது அவள் கண்ணுக்கே தெரிந்தது. எலி கிண்ணத்துக்குள் கிடந்தது. குஞ்சு, அவள் எப்போதும் மூடியைத் தூக்குகிற பக்கத்துக்கு நேர் எதிர்மூலையில், தலையை உடம்புக்கு நடுவில் புதைத்து இறுகிப் போய்க் கிடந்தது. தாள் அந்த மூலையில் மட்டும் நசுங்கிப் பழசாகியிருந்தது. இவ்வளவு நாளும் அது அங்கேயேதான் ஒடுங்கியிருந்திருக்கிறது.

வைத்துவிட்டு மற. இதுவும் அவள் மற்றவர்களுக்குச் சொல்வதுதான். தின்னாத குஞ்சை எட்டிப் பார்க்காதே, உன் காலடியை அது வயிற்றால் கேட்கும், நீ போய்விட்டாய் என்று அதற்கு நம்பிக்கை வரும்வரை வாய் திறக்காது. அவள் சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் சேர்ந்தும், பெட்டி கழுவிய நாட்களைத் தவிர, அந்த மூடியைத் தூக்கியதில்லை. தூக்கித் தூக்கி அதைப் பட்டினி போட்டது அவள் கை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். மாவைத் தானே பெருக்கி அள்ளினாள். ரினாத் துடைப்பத்தைக் கேட்டான், கொடுக்கவில்லை.

தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? கை சும்மா இருக்கவேண்டுமே. அன்று மத்தியானம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். மத்தியானம் தன்னையறியாமல் சாவியோடு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் இதற்கு ஒரே வழி, தன்னை வெளியே போட்டுப் பூட்டுவது என்று அவளுக்குப் புரிந்தது. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஷேராபாத்தில் தங்கை பேரனுக்குச் சுன்னத்து விருந்து. கூடமாட இருக்க மூன்று நாள் முன்னாலேயே வரச் சொல்லியிருந்தார்கள். போவதில்லை என்று சொல்லியனுப்பியவள், வருகிறேன் என்று மறுபடி சொல்லியனுப்பினாள்.

சாவியை யாரிடம் கொடுப்பது? ரினாத்திடம் கொடுக்க முடியாது. பெட்டி காலி என்று சொன்ன வாய் அது. மகன் சாலையில் இருந்தான். மேலாளர் வாங்கினால் திறந்து பார்ப்பார், பார்ப்பது அவர் வேலை. சுற்றிச் சுற்றி யோசித்து, அந்த அறைக்குள் செத்தாலும் கால் வைக்கமாட்டாள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் வந்து நின்றாள். மருமகளை நம்பி அல்ல, மருமகளின் பயத்தை நம்பித்தான் கொடுத்தாள்.

கடைசியாக ஒரு எலிக்குஞ்சைக் கழுவி, பல்லியில் தேய்த்து, சூடாக்கிக் கிண்ணத்துக்குள் வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். பூட்டினாள். மோஹிநூரிடம் சாவியைக் கொடுத்து, யார் கேட்டாலும் திறக்கக்கூடாது, சுவர் மட்டும் ஆறக்கூடாது என்றாள். அந்தப் பெண் சாவியை வாங்கித் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டது. சரி அத்தை என்றாள்.

விருந்தில் ஹொஸியத் கேரட் அரிந்தாள், அரிசி களைந்தாள், யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிலாவு பெரிய கொப்பரையில் வெந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அரிந்தவர்கள் மருமகள் எப்படி என்று கேட்டார்கள். நல்ல பெண் என்று வாய் சொன்னது. செத்த எலி மூன்று நாள் கிடந்தால் சமையலறை வரை நாறுமே, நாற்றம் தாங்காமல் ஒரு குச்சியால் இழுத்துத் தூக்கிப் போட்டிருந்தால் என்று மனசு கேட்டது. பயந்தவளுக்குக் குச்சி போதும். மூன்றாம் நாள் விருந்து முடியுமுன்னே ரொட்டியும் இறைச்சியும் கட்டிய மூட்டையோடு பங்கு டாக்சியில் ஏறிவிட்டாள்.

வீட்டில் மோஹிநூர் இல்லை. கதவு சாத்தியிருந்தது, சாவி குஞ்சு அறைப் பூட்டிலேயே தொங்கியது. திறந்து உள்ளே போனாள். ஏழாவது மூடியைத் தூக்கினாள். கிண்ணத்தை எடுத்தாள்.

எலி இல்லை.

குஞ்சு தாளுக்கு அடியில் புகுந்து இறுகச் சுருண்டிருந்தது. சுருண்ட பாம்பு தின்றதும் தின்னாததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தூக்கிப் பார்த்தால் தெரியும். ஆனால் முதல் இரை தின்ற குஞ்சைத் தூக்கினால் கக்கிவிடும், கக்கினால் அப்புறம் அதைப் பிழைக்கவைக்க முடியாது. பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் நின்றாள். மூடினாள். வெளியே வந்தாள். வந்தவள் கண்ணில் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சாம்பல் வாளி பட்டது. நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கேஸ் அடுப்பில் ஏது இவ்வளவு சாம்பல்? எதை எரித்தாள்?

மண்டியிட்டு உட்கார்ந்து, கம்பியை எடுத்து, வாளியைக் கிளற ஆரம்பித்தாள். சின்ன எலும்பாவது இருக்கும். முழங்கை வரை சாம்பல். பின்னால் ஏதோ தரையில் விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். மோஹிநூர் ஒரு கட்டுப் பருத்திமாரை, காய்ந்த பருத்திச் செடித் தண்டுகளை, இறக்கி வைத்துவிட்டு நின்றாள். கை இரண்டும் முள் கீறிச் சிவந்திருந்தன. கண் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது.

"கேஸ் நீங்க போன அன்னிக்கே நின்னுருச்சு அத்தை. சுவரு ஆறிடக்கூடாதேன்னு மாருதான் எரிச்சேன். பக்கத்துத் தோட்டத்துல கேட்டு வாங்கினேன்." கட்டைச் சுவரோரம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "டாக்சி வர்றதை மேட்டுலருந்து பாத்தேன். நீங்க வந்ததும் சாவியத்தான் தேடுவீங்கன்னு, ஓடி வந்து பூட்டுல மாட்டிட்டுக் கட்டை எடுக்கப் போனேன். வெளிய இன்னொரு குவியல் சாம்பல் இருக்கு. அதையும் பாத்துருங்க."

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் ஹொஸியத் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பாள். கம்பியைக் கீழே வைத்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பு எரிகிற வீட்டுச் சுவர் மாதிரி இல்லை, ரொட்டி அறைகிற தந்தூர் மாதிரிச் சுட்டது. மூன்று இரவும் இந்தப் பெண் ஒரு பாம்புக்காக அடுப்பை அணையவிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் பாம்புக்கு? எதைக் காட்டி, வந்தவ நீதான் என்றார்களோ அந்தப் பாம்புக்கு.

மன்னிப்புக் கேட்க ஹொஸியத்துக்கு வாய் பழகவில்லை. சாம்பல் கையோடு சாவியை எடுத்து நீட்டி, "நீயே வச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காதே," என்றாள். கொடுத்த பிறகு, குளிக்கப் போனாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதாள்.

மாதக் கடைசி வந்தது. நடுவில் அவள் சாவி கேட்டாள். இல்லை அத்தை என்றாள் மோஹிநூர். கடைசி நாள் காலையில் தலத் ஜாடியோடு வந்தார். எலியைக் காணோம் என்பதை ஹொஸியத் அவரிடம் சொல்லவேயில்லை. அது சாட்சியாகாது என்று சட்டம் போட்டவள் அவள்தானே. மோஹிநூர் பூட்டைத் திறந்துவிட்டு, வாசற்படிக்கு வெளியே முற்றத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஹொஸியத் மூடியைத் தூக்கினாள். தாளை நுனியில் பிடித்து மெல்ல விலக்கினாள். வெள்ளைத் தாளின்மேல் கறுப்பாக, ஈரமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு எச்சம். தின்னாத வயிறு அப்படிப் போடாது. குஞ்சு தலையைத் தூக்கி, இத்தனை நாளும் ஒடுங்கிக் கிடந்த மூலையை விட்டு இந்தப் பக்கம் வந்து, அவள் இடுக்கியைப் பார்த்து நாக்கை நீட்டியது. பசிக்கிற பாம்பு அப்படித்தான் வரும். தலத் குனிந்து பார்த்தார், ஜாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முப்பது வருடத்தில் எத்தனையோ குஞ்சு தின்ன வைத்தவள், சின்னப் பெண் மாதிரி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"மோஹி, தின்னுருச்சு. வந்து பாரு, உன் கண்ணாலயே பாரு."

மோஹிநூர் படியைத் தாண்டவில்லை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு அத்தை. நீங்க சொன்னாப் போதும், நான் நம்புறேன்."

நம்புகிறேன் என்ற வார்த்தையை ஹொஸியத் தன் ஆயுசில் யாரிடமும் சொன்னதில்லை. இடுக்கியைப் பிடித்தபடி அந்தப் பெண்ணின் முன்னால் அப்படியே நின்றாள்.